பஸ்ட்ராமிக்கு மயோனைஸ் கேட்கலாமா?

கேள்வி: நியூயார்க்கில் பழைய டெலி (இறைச்சி சாண்ட்விச் கடை) ஒன்றில் பஸ்ட்ராமி சாண்ட்விச் சாப்பிட்டோம். விலை 25 டாலருக்கு மேல். இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் மாட்டிறைச்சி, கொஞ்சம் கடுகு விழுது, அவ்வளவுதான். தக்காளி கிடையாது, வெங்காயம் கிடையாது. மயோனைஸ் கேட்டால் வெட்டித் தருகிறவர் சிரிக்கிறார். 'பழைய கடை' என்ற பெயரை வைத்துப் பகல் கொள்ளை அடிக்கிறார்கள் என்கிறேன். என் கணவர் இல்லை என்கிறார். நீங்கள் யார் பக்கம்?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கணவர் பக்கம்தான். வீட்டில் சண்டை மூட்டுவது என் நோக்கமல்ல, கேட்டது நீங்கள்.

கடை எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது. ஆனால் அந்த ரொட்டிக்கு நடுவில் என்ன இருந்தது என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். மாட்டின் விலாவுக்குக் கீழே, வயிற்றை ஒட்டிய, கொழுப்பு மண்டிய பகுதி அது. ஒரு காலத்தில் வசதியுள்ளவர்கள் சீண்டாத துண்டு. அதை உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். நியூயார்க்கின் ஹவுஸ்டன் தெருவில் இருக்கும் 'காட்ஸ்' டெலியில் இது ஒரு மாதம் வரைகூடப் போகும் என்கிறார்கள். ஊறியதை எடுத்து, கொத்தமல்லி விதை, மிளகு, பூண்டு எல்லாம் அப்பி, சின்னத் தணலில் புகை போடுகிறார்கள். அப்புறம் வேகவைக்கிறார்கள். உங்களுக்கு வெட்டித் தரும்வரை ஆவியில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எடை இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் வெட்டுகிறவர் வேறு வேண்டாத கொழுப்பைச் சீவித் தள்ளுவார். கடைக்காரர் வாங்கிய எடை ஒன்று, உங்கள் தட்டில் விழுந்த எடை ஒன்று. இடையில் காணாமல் போனதற்கும் சேர்த்துத்தான் பில்.

கத்தி பிடிக்கும் ஆளின் சம்பளமும் அதில் உண்டு. பல கடைகளில் இயந்திரம் இறைச்சியைத் தாள் தாளாகச் சீவிப் போடுகிறது. ஆவியில் நன்றாக இளகிய பஸ்ட்ராமியை அதில் கொடுத்தால் பிய்ந்து உதிரும். அதனால் இயந்திரம் வைத்திருக்கும் கடை இறைச்சியைக் கொஞ்சம் விறைப்பாகவே நிறுத்திக்கொள்ளும். காட்ஸில் இன்றும் கைவெட்டுதான். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே, கனமான துண்டுகளாக வெட்டுவார்கள். அதற்குப் பழகிய கை வேண்டும்.

இனி மயோனைஸ். இதற்கு மதத்தைக் காரணம் சொல்வார்கள், தவறு. டெலி யூதர்களின் கடை. கோஷர் என்னும் அவர்களின் உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது. அதனால் கோஷர் டெலியில் வெண்ணெய் இல்லை, சீஸ் இல்லை. பாலும் மீனும் விற்க வேறு கடைகளே தனியாக முளைத்தன. காட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில், அதே தெருவில் இருக்கும், 1914-ல் தொடங்கிய 'ரஸ் அண்ட் டாட்டர்ஸ்' அப்படிப்பட்ட கடை. புகைபோட்ட மீனும் கிரீம் சீஸும் அங்கே. ஆனால் மயோனைஸ் முட்டையும் எண்ணெயும்தானே? அதில் பால் ஏது? விதி அதைத் தடுக்கவில்லை. தடுப்பது நாக்கு. கொழுப்பு வழியும் இறைச்சிமேல் இன்னும் கொழுப்பைப் பூசினால் மிளகும் கொத்தமல்லியும் புகையும் எங்கே போகும்? அந்தக் கொழுப்பை அறுக்கக் காரமான கடுகு வேண்டும், புளித்த வெள்ளரி ஊறுகாய் வேண்டும். ரை என்னும் தானியத்தில் செய்த ரொட்டியில் கிடக்கும், சீரகம் போன்ற கேரவே விதைக்கும் அதே வேலைதான். தக்காளி வைத்தால் ரொட்டி ஊறிச் சொதசொதத்துவிடும். திண்டுக்கல்லில் பிரியாணிக்கு கெட்சப் கேட்டிருந்தால் கடைக்காரர் சிரித்திருக்கக்கூட மாட்டார்.

(காட்ஸ் கோஷர் கடை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறைச்சியோடு சீஸ் வைத்த ரூபன் சாண்ட்விச் அங்கே கிடைக்கும், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையும் திறந்திருக்கும். மயோனைஸுக்கு முகம் சுளிப்பதில் மட்டும் அவர்களும் ஆசாரம்.)

'பழைய கடை என்ற பெயர்' என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். 1880-களில் தொடங்கி, 1924-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அந்த நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும் கூட்டம் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் நெருக்கியடித்துக் குடியிருந்தது. ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் அங்கே கூஸ் வாத்தில் செய்துவந்த பஸ்ட்ராமியை, இங்கே மலிவாகக் கிடைத்த மாட்டு வயிற்றுக்கறியில் செய்தார்கள். காட்ஸ் தன் தொடக்கமாகச் சொல்வது 1888. அப்போது அது ஐஸ்லாண்ட் சகோதரர்களின் கடை. காட்ஸ் குடும்பம் பின்னால்தான் வந்து சேர்ந்தது. சமையலறை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத குடியிருப்புகளில் இருந்த தொழிலாளிகளுக்கு டெலிதான் சாப்பாடு.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறதென்றால் அது இங்கேதான். ஏழைகள் வாங்கிய மலிவுத் துண்டு, இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று, கைப்பேசியில் படம் பிடித்துவிட்டுக் கடிக்கும் பண்டமாகிவிட்டது. 1989-ல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் காதல் படத்தின் காட்சியை காட்ஸில் எடுத்தார்கள். அந்த மேஜைக்கு மேல் இன்னும் பலகை தொங்குகிறது. அதைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு. வாய்க்குள் நுழையாத உயரத்துக்கு இறைச்சியை அடுக்குவதும் தாத்தா காலத்து மரபு என்று நினைக்காதீர்கள். அது பிராட்வே நாடக அரங்குகளைச் சுற்றியிருந்த டெலிகள் கிளப்பிவிட்ட ஆடம்பரம். சாண்ட்விச்சுக்கு நடிகர்களின் பெயர் வைத்தவர்களும் அவர்களே.

அதற்காகக் கொள்ளை என்று சொல்ல முடியுமா? கொள்ளை அடிக்கிறவன் கடையை மூடிக்கொண்டு போகமாட்டான். 1930-களில் நியூயார்க் நகரத்தில் கோஷர் டெலிகள் மட்டும் சுமார் 1,500 இருந்தன. இன்று சில டஜன் தேறினால் அதிகம். பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள், கொழுப்புக்கு டாக்டர்கள் தடை போட்டார்கள், சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் அடைத்து விற்றது. மிச்சத்தை வாடகை பார்த்துக்கொண்டது. 1954 முதல் இரண்டாவது அவென்யூவில் இருந்த 'செகண்ட் அவென்யூ டெலி' 2006-ல் வாடகைத் தகராறில் பூட்டப்பட்டு, அடுத்த வருடக் கடைசியில் 33-வது தெருவில்தான் மறுபடி திறந்தது. இரண்டாவது அவென்யூவில் இல்லாத செகண்ட் அவென்யூ டெலி! ஆள் உயர சாண்ட்விச்சுக்குப் பேர்போன 'கார்னகி' 2016 டிசம்பர் 31-ல் தன் ஏழாவது அவென்யூ கடையை மூடிவிட்டது.

காட்ஸ் எப்படித் தப்பியது? கட்டடம் சொந்தம். அதுவும் போதாமல், தங்கள் தலைக்கு மேல் இன்னும் மாடி கட்டிக்கொள்ளும் உரிமையைப் பக்கத்தில் எழுந்த அடுக்குமாடிக்கு விற்றார்கள். 25 டாலர் சாண்ட்விச் விற்கும் கடை ஆகாயத்தையும் விற்க வேண்டியிருந்தது என்றால், யார் யாரைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று உங்கள் கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை காட்ஸுக்கே போங்கள். நுழையும்போது ஆளுக்கொரு டிக்கெட் தருவார்கள்; வாங்குவதையெல்லாம் அதில் குறிப்பார்கள், வெளியேறும்போது பணம். ஒன்றும் வாங்காவிட்டாலும் டிக்கெட்டைத் திருப்பித் தர வேண்டும். தொலைத்தால் 50 டாலர். அதற்கும் எனக்குக் கடிதம் போடாதீர்கள். சுவரோரம் உட்கார்ந்தால் சர்வர் வருவார், ஆனால் வெட்டுகிறவர் முன்னால் வரிசையில் நிற்பதே மேல். ருசி பார்க்க ஒரு துண்டு தட்டில் வைத்து நீட்டுவார். எதிரே இருக்கும் ஜாடியில் ஒரு டாலராவது போடுங்கள். 'லீன்' என்று சொல்லி வறண்ட பகுதியை வாங்கிக்கொண்டு வந்து குறை சொல்ல வேண்டாம். 'ஜூஸி' என்று கேளுங்கள். குடிக்க டாக்டர் பிரவுன்ஸ் செலரி சோடா. முதல் வாய்க்கு மருந்து போலிருக்கும். இறைச்சியோடு குடித்தால் புரியும். வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் இருந்தால், அதே தெருவில் 1910 முதல் இருக்கும் 'யோனா ஷிம்மல்' கடையில் உருளைக்கிழங்கு க்னிஷ் (உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து சுட்டது) கிடைக்கும்.

ஒரு சாண்ட்விச்சை இருவர் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்குப் பாதி விலைதான் வரும். கூடவே ஒரு தட்டு ஊறுகாய் வைப்பார்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது. அடுத்த கடிதத்தில் அதையும் கணக்கில் சேர்த்து எழுதுங்கள்.