நெல் ஏற்றும் பழைய லாரிக்கு பேட்டரி கட்-ஆஃப் மட்டும் போதுமா?

மன்னார்குடிப் பக்கம் கொள்முதல் நிலைய வரிசையில் இரவெல்லாம் நிற்கிற 15 வருடப் பழைய லாரி திருடு போகாமல் இருக்க, பேட்டரி கரண்டைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

பழைய டீசல் இன்ஜின்களில் டீசலைத் தள்ளுவது பெரும்பாலும் கரண்ட் இல்லாமல் இன்ஜின் சுழற்சியிலேயே ஓடும் மெக்கானிக்கல் பம்ப்தான். ஓடத் தொடங்கிவிட்டால் கரண்டே தேவையில்லை. ஆற்றுக்கரைச் சரிவில் நிறுத்தியிருந்தால், உருட்டிவிட்டு கியர் போட்டாலே பிடித்துக்கொள்ளும். அதனால் டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு வால்வு வையுங்கள். அதை மூடிவிட்டால், ஃபில்டரில் மிச்சமிருக்கும் டீசல் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும். காலையில் திறக்க மறந்தால் டீசல் குழாயில் ஏர் பிடித்து, அதை வெளியேற்றக் கையால் அடிக்கும் ப்ரைமிங் பம்பை அடித்துக் கை வலித்துவிடும். ஞாபகத்துக்குச் சாவியில் ஒரு சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டரி, ஸ்டெப்னி, டீசல் இவையும் களவு போகும். பேட்டரிப் பெட்டிக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுங்கள். டேங்க் மூடியைப் பூட்டினாலும், டேங்கின் அடியில் டீசலை வடிக்கும் நட்டைக் கழற்றுவார்கள், அதை கிளாம்ப் வைத்து மறையுங்கள். டேங்கில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும்.

அப்புறம், இன்சூரன்ஸைப் பாருங்கள். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், லாரி திருடு போனால் ஒரு ரூபாய்கூட வராது.