ஓடும் நிரலில் மதிப்பை மாற்றினால் உறைந்துவிடுகிறது: பதில்

எத்தனை கணக்கீட்டுப் படிக்கு ஒருமுறை படம் எழுத வேண்டும் என்ற இடைவெளியை, நிரல் ஓடும்போதே அமைப்புக் கோப்பில் மாற்றியதும் உங்கள் எம்பிஐ நிரல் (MPI: பல செயல்முறைகள் செய்தி பரிமாறிச் சேர்ந்து கணக்கிடும் முறை) பிழைச்செய்தி கூட இல்லாமல் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். எல்லா ரேங்க்குகளும், அதாவது எண்ணிட்ட அந்தச் செயல்முறைகள் ஒவ்வொன்றும், அமைப்புக் கோப்பைத் தனித்தனியே படிக்கின்றன அல்லவா? சந்தேகம் அங்கேதான். ஒரு ரேங்க் 500ஆம் படியிலேயே புதிய மதிப்பைப் பார்த்துப் படத்தைத் தொகுக்கும் கூட்டு அழைப்புக்குள் (எல்லா ரேங்க்குகளும் சேர்ந்தால்தான் முடியும் அழைப்பு) போய்விடுகிறது; பக்கத்து ரேங்க் பழைய மதிப்போடு, அந்த ரேங்க் அனுப்ப வேண்டிய எல்லைத் தரவுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது.

ரேங்க் 0 மட்டும் கோப்பைப் படிக்கட்டும். படியின் தொடக்கத்தில் எம்பிஐ பிராட்காஸ்ட் வழியாக மதிப்பை எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு படியிலும் வேண்டாம், 50 படிக்கு ஒருமுறை தாராளம். பாராவியூ காட்டலிஸ்ட்டுக்கு (நிரல் ஓடும்போதே படம் உருவாக்க உதவும் மென்பொருள்) மாறுவதெல்லாம் பிறகு. இதைச் சரிசெய்யாமல் மாறினால் அங்கேயும் இதே கதைதான்.

எந்தப் படியில் எதை மாற்றினீர்கள் என்பதையும் செக்பாயின்ட்டோடு (பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிக்கும் நிலை) சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே முடிவை மறுபடி பெறவே முடியாது.