கற்பூர மரமா, சோலை மரமா?

கேள்வி: கோத்தகிரி லாங்வுட் சோலைக் காட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு 20 சென்ட் தரிசு இருக்கிறது. ஓரத்தில் சின்ன ஊற்று. சீக்கிரம் காசாகும், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைப்போம் என்கிறார் கணவர். எனக்குச் சோலை மரங்கள் மேல் ஆசை. காட்டிலிருந்து நாற்றைப் பிடுங்கி வந்து நடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஊற்று இருக்கிற நிலத்தில் கற்பூரம் வேண்டவே வேண்டாம். விறகுக்காக 1840-களில் நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் அது. மளமளவென்று வளரும், அந்த வேகத்துக்குத் தண்ணீரையும் இழுக்கும். உங்கள் ஊற்று என்ன ஆகும்?

லாங்வுட் சோலை மொத்தமே 116 ஹெக்டேர்தான். 2024-ல் அதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தபோது, 'காடு எப்படி ஈரநிலம் ஆகும்?' என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். என் அம்மா ஊர் கோத்தகிரி. சின்ன வயதில், மழை ஓய்ந்து வாரக்கணக்கான ஒரு மார்ச் மாதம், சோலைக்குள் சருகை விலக்கிக் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். மேல் சருகு மொறுமொறுப்பு. நாலு விரல் ஆழத்தில் கறுப்பு மண், பிழிந்தால் கசிகிற ஈரம். பக்கத்துச் சீகை (வாட்டில்) மரத்தடியில் தோண்டினால் வெறும் புழுதி. கீழே இருக்கிற ஊர்களுக்கு ஓடை வருவது அந்தக் கறுப்பு மண்ணிலிருந்துதான்.

ஆனால் நாற்றைப் பிடுங்காதீர்கள். அது காப்புக்காடு, சட்டப்படி குற்றம். அதோடு, நிழலில் முளைத்த கன்று வெட்டவெளியில் தாங்காது. சோலை மரக் கன்று வளர்க்கும் நாற்றங்காலில் வாங்குங்கள். முதலில் வெயில் தாங்கும் தவிட்டுப்பழச் செடியை ஓரங்களில் வையுங்கள். அது புதராகி நிழல் தந்த பிறகு விக்கி, நாவல் போன்ற சோலை மரங்கள் உள்ளே போகட்டும். தரிசில் உண்ணிச்செடி மண்டியிருந்தால், அதை ஒரேயடியாக வெட்டி நிலத்தை மொட்டையாக்கி விடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அப்புறம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஒரே இரவில் கன்று கருகிவிடும். தேயிலை நாற்றுக்கு நிழல் கட்டுவார்களே, அதே பெரணித் தழையைக் கன்றைச் சுற்றிக் குத்தி வையுங்கள். முதல் இரண்டு குளிர்காலம் தாண்டினால் போதும்.

காசு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது நியாயம்தான். சோலை மரம் உங்கள் காலத்தில் காசாகாது. ஊற்றிலிருந்து தள்ளி, மேட்டில் ஐந்து சென்ட் காய்கறிக்கு விட்டுக் கொடுங்கள். பாசனத்துக்குத்தான் ஊற்று இருக்கிறதே.