கெப் பெல்ட்: கேட்டதும் சொன்னதும்

கிளிநொச்சித் தம்பி: அண்ணை, பழைய டீசல் கெப். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கீச்சென்று கத்துகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது. ஃபேன் பெல்ட் மாற்றத்தான் வேணுமா?

பதில்: கத்துகிற பெல்ட் எல்லாம் தேய்ந்த பெல்ட் இல்லை தம்பி. எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார், சாரம் கட்டியிருந்தால் முதலில் அதை இழுத்துச் செருகு. சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி (பெல்ட் ஓடும் சில்லு) நேரில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் கத்தினால் இழுவை காணாது. அப்புறம் எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார். இரண்டு விலாவும் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, உள்பக்கம் வெடித்திருக்கிறதா? புல்லியின் பள்ளத்துக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார். அடிப்பகுதி பளபளவென்று இருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் குந்திவிட்டது, இனி எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. ஜோடியாக ஓடும் பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்று. புதிதைப் போட்டதும் நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் டைனமோவின் பெயரிங்கும் தண்ணிப் பம்பின் பெயரிங்கும் போகும். கொஞ்சம் ஓடியபின் திரும்பப் பார்க்க மறக்காதே, புதுப் பெல்ட் இளகும்.

மல்லாவியிலிருந்து: சவர்க்காரம் தேய்த்தால் சத்தம் நிற்குமாமே?

பதில்: நிற்கும், கொஞ்ச நேரம். சவர்க்காரத்தைக் குளிக்க வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸும் மண்ணெண்ணெயும்கூட வேண்டாம்.

ஒட்டுசுட்டானிலிருந்து: என்னுடையது புது மொடல், அகலமான ஒற்றைப் பெல்ட். நிறைய ஓடிவிட்டது, ஆனால் ஒரு வெடிப்பும் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: வெடிப்பை நம்ப வேண்டாம். இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் லேசில் வெடிக்காது, உள்பக்கத்து நீள வரிகள்தான் தேயும். நம்முடைய கிரவல் வீதித் தூசி அந்த வரிக்குள் போய் அரம் போடுகிற வேலை செய்யும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். கழற்ற முன்னர் பெல்ட் ஓடும் பாதையைப் போனில் படம் எடுங்கள். முதுகில் உள்ள எண்ணைக் கடையில் காட்டுங்கள்: 6பிகே1230 என்றால் 6 வரி, 1230 மில்லிமீற்றர் நீளம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சில்லையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் அதுவும் மாற்ற வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: வழியில் அறுந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம்தானே?

பதில்: இதைத்தான் காணும் ஆட்களிடமெல்லாம் சொல்கிறேன். டொயோட்டா 3எல், 5எல், மிட்சுபிஷி 4டி56 எஞ்சின் உள்ள கெப்களில் பிரேக் பெடலை இலகுவாக்கும் வாக்குவம் பம்ப் டைனமோவின் பின்னால்தான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் டைனமோ நிற்கும், அதோடு பம்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதி நன்றாகப் பிடிக்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். எல்லாரும் ரேடியேற்றர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நெடுங்கேணி ஐயா ஒருவர்: தம்பி, நான் அறுந்த பெல்ட்டோடு மாங்குளத்திலிருந்து வந்தவன். கியரைக் குறைத்தால் எஞ்சினே பிடிக்கும்.

பதில்: பிடிக்கும் ஐயா, வெறும் கெப் என்றால். நெல் மூட்டை ஏற்றியிருந்தால்?

அதே ஐயா: மூட்டையோடுதான் வந்தேன். இரண்டு காலையும் பெடலில் ஊன்றினால் நிற்கும்.

பதில்: நிற்கும், எங்கே என்பதுதான் கேள்வி. இரவில் நடு வீதியில் மாடு படுத்திருக்கும், அது உங்கள் கியரைப் பார்த்து எழும்பாது.

மாங்குளத்திலிருந்து இன்னொருவர்: நைலோன் கயிறு கட்டி ஓடலாம் என்று ஐயா எனக்கும் சொன்னார்.

பதில்: கயிறு அவிழ்ந்து ஃபேனில் சுற்றினால் ரேடியேற்றரும் போகும். ஐயா, உங்களுக்குக் கைராசி. மற்றவர்கள் ஓரத்தில் நிறுத்துங்கள்.

பூநகரியிலிருந்து: டைமிங் பெல்ட்டும் இதுவும் ஒன்றா?

பதில்: இதையே எத்தனை பேர் கேட்பீர்கள்? இல்லை. அது எஞ்சினின் கவருக்குள் இருந்து வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது. அறுந்தால் இந்த டீசல்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். பழைய டொயோட்டா டீசல்களில் 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், டி-பெல்ட் லைட் எரிவது அதற்குத்தான். கராஜில் கொடுங்கள்.

வவுனியாவிலிருந்து: பெல்ட் கத்துகிறது, மாற்ற வேண்டுமா?

பதில்: முதலாவது பதில்.

முழங்காவில் அக்கா: கழற்றிய பெல்ட்டை எறியவா?

பதில்: பிய்ந்திருந்தால் எறியுங்கள் அக்கா. இல்லாவிட்டால் சீட்டுக்குப் பின்னால் போடுங்கள், 12, 14 ஸ்பனர்களையும் அதோடு சுற்றி வையுங்கள்.