மூன்றாவது செயல்தான் உங்கள் வழக்கு

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து எழுதியுள்ள வாசகியின் 71 வயதுத் தாயாருக்குப் பக்கவாதத்தால் வலக்கை, வலக்கால் செயலிழந்துள்ளன. ஆறு அன்றாடச் செயல்களில் இரண்டில் மட்டுமே அவருக்குப் பிறர் உதவி தேவை என மதிப்பீட்டு மருத்துவர் எழுதியதால், கடும் உடற்குறை உள்ளவர்களுக்கு மாதத்தொகை தரும் காப்புறுதித் திட்டமான எல்டர்ஷீல்டின் தொகை மறுக்கப்பட்டுள்ளது. நீதிமன்றம் செல்லலாமா என்பது கேள்வி.

மருத்துவர் அவசரப்பட்டார், ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டினோம், பக்கத்து வீட்டாருக்குக் கிடைத்துவிட்டது என்ற உங்கள் மனக்குறைகள் எதுவும் முடிவை மாற்றாது. குளித்தல், உடை அணிதல், உண்ணுதல், கழிவறைப் பயன்பாடு, நடமாட்டம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்றை இன்னொருவர் கைகொடுக்காமல் அவரால் செய்ய முடியாது என்று காட்டவேண்டும். பக்கவாதம் வந்ததற்கான சான்று அதற்குப் போதாது.

என்னிடம் வந்த பல குடும்பங்கள் சறுக்கிய இடத்தில்தான் நீங்களும் சறுக்கியிருக்கிறீர்கள். "சேலை கட்டிக்கொள்வீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோது அம்மா "கட்டிக்குவேன் டாக்டர்" என்றதாகவும், மரியாதை கருதி நீங்கள் குறுக்கிடவில்லை என்றும் எழுதியுள்ளீர்கள். தினமும் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிக் கொசுவம் வைத்துச் செருகுவது பணிப்பெண் என்றால், அந்த ஒரு பதிலே உங்கள் மூன்றாவது செயலைப் பறித்துவிட்டது. வெளியார் முன் தளர்வைக் காட்டக் கூசும் நம் பெரியவர்களின் தன்மானம் மதிக்கத்தக்கது; ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு இடமில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, அடுத்த முறை அம்மாவைச் சாய்ந்து நடக்கவும் தடுமாறவும் பழக்குவது. மருத்துவமனையின் பழைய குறிப்பு ஒன்று அதை மறுத்தால், உண்மையான இயலாமையும் நம்பப்படாமல் போகும். தெரிந்தே பொய் விவரம் தருவது குற்றமும்கூட.

வழக்கு வேண்டாம் என்பதே என் அறிவுரை. உங்கள் திட்டம் மாதம் 300 வெள்ளி, அதிகபட்சம் 60 மாதம் என்கிறீர்கள். மொத்தம் 18,000 வெள்ளி. வழக்குச் செலவு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், நீதிபதியும் அம்மாவை மறுபடி பரிசோதிக்கப்போவதில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குமுன், யார், எந்தச் செயலில், எந்த அளவுக்குக் கைகொடுக்கிறார் என்பதைப் பணிப்பெண்ணைக் கொண்டு நாள்தோறும் எழுதவையுங்கள். உடை அணிதலைப் பற்றித் தனியாகக் குறிப்பிடும் அறிக்கையை அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். மதிப்பீட்டின்போது நாள்தோறும் உடை மாற்றிவிடுபவரே அருகில் இருந்து, அம்மா "முடியும்" என்றாலும், நடப்பதை நடப்பதாகச் சொல்லட்டும்.