கணக்குப்பிள்ளை பதில்கள்

(அரசுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலும் அரசின் கடன் பற்றிய கேள்விகள்.)

கேள்வி: தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் கடன் என்று மேடையில் பேசுகிறார்களே, என்னைக் கேட்காமல் என் பெயரில் வாங்கியது யார்? நான் எப்போது கட்டணும்?
— டீக்கடைக்காரர், கோவில்பட்டி

பதில்: அந்தத் தொகை 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்தது. குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். ஜப்தி நோட்டீஸ் எதுவும் வராது, பயப்படாதீர்கள். ஆனால் நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். டீத்தூளுக்கும் சர்க்கரைக்கும் கொடுக்கும் ஜி.எஸ்.டி.யில் ஒரு பங்கு வட்டிக்குத்தான் போகிறது.

கொடுத்தது யார் என்றும் கேட்டிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் ரிசர்வ் வங்கி மாநிலங்களின் கடன் பத்திரங்களை ஏலம் விடும். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள் வாங்கும். உங்கள் எல்.ஐ.சி. பாலிசிப் பணம்கூட அதில் இருக்கலாம். வாங்கியவரும் நீங்களே, கொடுத்தவரும் நீங்களே!

மொத்தக் கடனைக் கேட்டு மலைக்க வேண்டாம். 2026 மார்ச் முடிவில் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட் சொன்னது. மாநிலப் பொருளாதாரத்தில் அது 26 சதவீதம்தான். நான் பார்ப்பது வேறொரு வரியை. அதே பட்ஜெட்டில் மொத்தப் பற்றாக்குறை, அதாவது அந்த வருடம் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய தொகை, சுமார் 1.07 லட்சம் கோடி. அதில் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் விழும் துண்டு, மட்டும் 41,635 கோடி. அதாவது நூறு ரூபாய் கடன் வாங்கினால் 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று அந்த வருடமே கரைந்துவிடுகிறது. மிச்சம்தான் பாலமாகவும் கால்வாயாகவும் கண்ணுக்குத் தெரியும். மேட்டூர் அணை போல ஒன்றைக் கட்டக் கடன் வாங்கினால் நான் வாயே திறக்க மாட்டேன். என் பென்ஷனுக்குக் கடன் வாங்குகிறார்கள் என்றால் பேரன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: அரசு இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டால் என்ன?
— வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: போட்டாயிற்று. டெல்லி, சென்னை, கொழும்பு மூன்று இடத்திலும் 2003-ஆம் ஆண்டிலேயே போட்டார்கள்.

டெல்லியின் சட்டம் 2008 மார்ச்சுக்குள் பற்றாக்குறையை நாட்டின் பொருளாதாரத்தில் 3 சதவீதத்துக்குக் கொண்டுவரச் சொன்னது. தேதியை ஒருமுறை தள்ளினார்கள், பிறகு தள்ளுவதே பழக்கமாகிவிட்டது. தமிழ்நாடு சில வருடங்கள் வருவாய் உபரியே காட்டியது. நான் வேலையில் இருந்தபோது பார்த்த அதிசயங்களில் அது ஒன்று. 2013-14-லிருந்து மறுபடியும் பற்றாக்குறை. கொழும்பிலும் சட்டம் புத்தகத்தில் இருந்தது. இருக்கும்போதே 2019 டிசம்பரில் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். கொரோனாவும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவைக் கொடுக்கச் சொன்னதோடு சரி. பெட்ரோல் வரிசையில் நின்றவர்களுக்கு அதனால் ஒரு லிட்டர்கூடக் கிடைக்கவில்லை.

சட்டத்தை மீறினால் நடுவர் யார் என்பதுதான் கேள்வி. என்.கே. சிங் தலைமையிலான குழு 2017-இல் சுதந்திரமான நிதி மன்றம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அரசு போடும் வருமான மதிப்பீடு சரியா, வரம்பை மீறக் காரணம் நியாயமா என்று வெளியாள் ஒருவர் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இன்றுவரை அமைக்கவில்லை. ஆட்டக்காரரே விசிலும் ஊதுகிறார்.

கேள்வி: இலவசங்களை நிறுத்தினாலே பாதிக் கடன் தீர்ந்துவிடாதா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: தீராது, அம்மா. மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26-இல் 13,807 கோடி ஒதுக்கினார்கள். சின்னத் தொகை இல்லை. வேண்டும், வேண்டாம் என்று நீங்களும் உங்கள் அம்மாவும் வீட்டிலேயே சண்டை போடலாம். ஏனென்றால் அந்தத் தொகை பட்ஜெட்டில் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது, சட்டமன்றம் அதற்கு வாக்களித்தது. நான் பயப்படுவது அச்சாகாத செலவுக்கு.

மின்வாரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின்கட்டணத்தைத் தொடவில்லை. நிலக்கரி விலை காத்திருக்குமா? வாரியம் கடன் வாங்கிச் சமாளித்தது. அது மாநில பட்ஜெட்டில் கடனாகத் தெரியவில்லை. மின்வாரியங்களின் கடனை மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளும் உதய் திட்டத்தில் 2017-இல் சேர்ந்தபோது 22,815 கோடியை மாநிலம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதுவரை எத்தனை பட்ஜெட் உரை கேட்டிருப்போம்! கேரளத்திலும் கிஃப்பி என்ற நிறுவனத்தின் பெயரில் பட்ஜெட்டுக்கு வெளியே கடன் வாங்கினார்கள். நாட்டின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி. ஆட்சேபித்தார். அப்படிப்பட்ட கடனையும் மாநிலக் கடனாகவே கணக்கிடுவோம் என்று 2022-இல் ஒன்றிய அரசு சொல்ல, சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். வருடா வருடம் கொஞ்சம் கட்டணம் கூட்டியிருந்தால் வரும் கோபத்தைவிட, எட்டு வருடம் கழித்து மொத்தமாகக் கூட்டியதால் வந்த கோபம் அதிகம் என்பதை மட்டும் பார்த்தேன்.

கேள்வி: எங்கள் தெருவில் மார்ச் மாதம் மட்டும் ரோடு போடுகிறார்களே, ஏன்?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் காலாவதி. ஒன்றிய அரசில் கடைசி மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பே உண்டு. வரம்பு உள்ள இடத்திலும் கெட்டிக்காரர்கள் பணத்தை ஏதாவதொரு வைப்புக் கணக்கில் போட்டு, செலவானதாகக் காட்டிவிடுவார்கள்.

கேள்வி: சி.ஏ.ஜி. அறிக்கை வந்ததும் இரண்டு நாள் தலைப்புச் செய்தி. அதன்பின் அந்தப் பணம் என்ன ஆகிறது?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருவாரூர்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒத்துக்கொண்டேன்.

ஒரு சாலைப் பணியின் பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எம்-புக் என்போமே, பொறியாளர் அளந்து எழுதும் அளவைப் புத்தகம், அதில் நீளம், அகலம், கனம், தேதி, கையெழுத்து எல்லாம் முத்து முத்தாக இருந்தன. அதுதான் உறுத்தியது. களத்தில் நின்று எழுதினால் தார்க்கறை இருக்கும், அடித்தல் இருக்கும். தாலுகா ஆபீஸில் மழைமானிப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். தார் போட்டதாக எழுதிய நாட்களில் அந்த ஊரில் மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. ஈரத்தில் தார் ஒட்டாது. பாரா, அதாவது தணிக்கை ஆட்சேபம், எழுதினோம். ‘தேதி தவறுதலாகப் பதியப்பட்டது’ என்று பதில் வந்தது. விடாமல் எழுதினோம். தணிக்கை அறிக்கையை விசாரிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களின் பொதுக் கணக்குக் குழுவின் முன் அது வருவதற்குள் பொறியாளர் ஓய்வு பெற்றார், ஒப்பந்ததாரர் நிறுவனத்தின் பெயரை மாற்றிக்கொண்டார், அந்தச் சாலையின் மேலேயே இன்னொரு சாலை போட்டாகிவிட்டது. அளந்து பார்க்கத் தடயம்கூட இல்லை.

சி.ஏ.ஜி. யாரிடமும் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது, யாரையும் தண்டிக்க முடியாது. அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவுப்படி மாநில அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும். எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனால் யார் விவாதிப்பது? பிறகு பொதுக் கணக்குக் குழு. நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்குவது மரபு. குழு நேரில் கூப்பிட்டு அதட்டும்போது செயலர்கள் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குழுவுக்கு முன்னால் நிற்கும் பாராக்களின் வரிசை நீளம்.

இங்கேதான் ஓய்வூதிய விதி ஒன்று குறுக்கே வருகிறது. ஓய்வு பெற்றவர் மீது, சம்பவம் நடந்து நான்கு ஆண்டு தாண்டிவிட்டால் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க முடியாது. முதியவர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் தணிக்கை, பதில், மறுபதில், அறிக்கை, குழு என்று பாரா நகரும் வேகத்துக்கு நான்கு ஆண்டு எந்த மூலைக்கு? எனக்கு அதிகாரம் கொடுத்தால் புதுச் சட்டம் எதுவும் போட மாட்டேன். அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கவும், குழு பாராவை எடுக்கவும் கெடு வைப்பேன். அவ்வளவுதான்.

கேள்வி: இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். ஊராட்சியில் இருக்கும் என்னால் என்ன முடியும்?
— வார்டு உறுப்பினர், தேனி மாவட்டம்

பதில்: உங்களால்தான் முடியும். கிராம சபையில் வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள், படிக்காமலே படித்ததாகத் தீர்மானத்தில் எழுத விடாதீர்கள். பணியில் சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, மதிப்பீடு, எம்-புக் பக்கங்கள், பில் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். அச்சட்டத்தின் 2(ஞ) பிரிவில், அதாவது ஆங்கில வரிசையில் ஜே என்று வருவதில், பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஒரு யோசனை: மனுவில் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று எழுதாதீர்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் தகவல் அலுவலருக்கு இல்லை, அதையே சாக்காக வைத்துத் திருப்பி அனுப்புவார். ‘நகல் தருக’ என்று மட்டும் எழுதுங்கள். முப்பது நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.