பேசுகிறார்கள், எழுதத் திணறுகிறார்கள்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாக ஜெர்மன் கற்பிக்கிறேன். இப்போது வரும் மாணவர்கள் தயக்கமில்லாமல் பேசுகிறார்கள், உச்சரிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் கட்டுரையில் மட்டும் பிழையே இருப்பதில்லை. முன்பெல்லாம் இப்படி இல்லை. மாணவர்களின் மொழித்திறன் சரிந்துகொண்டே போகிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரிகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. பழைய மாணவர்களை நாம் கொஞ்சம் தாராளமாகவே நினைவு வைத்திருக்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் அயல்மொழியை முதன்மைப் பாடமாக எடுத்து, பட்டம் வாங்கும் நிலையில் இருந்தவர்களைச் சோதித்து ஜான் கரோல் என்ற உளவியலாளர் 1967இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கேட்பதிலும் பேசுவதிலும் பெரும்பாலோர் பலவீனமாகவே இருந்தார்கள். அந்த மொழி புழங்கும் நாட்டில் கொஞ்ச காலமாவது இருந்துவிட்டு வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

இன்றைய மாணவருக்கு மொழியைக் கேட்டுப் பழகும் அந்த வாய்ப்பு ஓரளவு வீட்டிலேயே கிடைக்கிறது. வேண்டிய மொழியில் படமும் பாட்டும் பேச்சும் எந்நேரமும் காதில் விழுகின்றன. இது உண்மையான வளர்ச்சி, இதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ள முழு வாக்கியமும் வேண்டியதில்லை. நான்கு சொல் பிடிபட்டால் விஷயம் விளங்கிவிடும். எழுதும்போது அப்படி முடியாது. ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். காரணம் சொல்லத் தொடங்கும் மாணவர் யார், எங்கே, எப்போது என்பதையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டு, வினையை மறக்காமல் கடைசிவரை மனதில் தாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தாங்கல்தான் பயிற்சி. வீட்டில் கட்டுரை எழுதித் தரும் மொழிபெயர்ப்புக் கருவி அதைத்தான் அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அந்தப் பிழையில்லாத கட்டுரையை அவரையே வாய்மொழியாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். நீண்ட வாக்கியங்கள் எல்லாம் துண்டு துண்டாக உடைந்து வரும்.

எனக்குக் கவலை இந்த வருடத்து மதிப்பெண்ணைப் பற்றியல்ல. பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் படித்தவர்களுக்கு, ஐம்பது வருடம் வரை கழிந்த பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1984இல் எழுதினார். முதல் சில வருடங்களில் நிறைய மறந்துபோகிறது. அப்புறம் மிஞ்சியது பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது முதலில் எவ்வளவு ஆழமாகக் கற்றார்கள் என்பதைப் பொறுத்தது. கருவி எழுதித் தந்ததில் மாணவரிடம் மிஞ்ச என்ன இருக்கிறது?

ஒரு யோசனை சொல்கிறேன். ஐரோப்பிய மொழித்தர வரையறை 2001இல் வந்தபோதே கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் எல்லாவற்றையும் தனித்தனியாக அளக்க வழி செய்தது. அதில் ஏ1 தொடக்க நிலை, சி2 உச்ச நிலை. கேட்பதில் நடுவில் உள்ள பி2 தரத்தில் இருப்பவர் எழுத்தில் தொடக்கத்தை ஒட்டிய ஏ2வில் நிற்கலாம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகப் போட்டால் இந்த இடைவெளி மாணவருக்கே தெரியாது. பிரித்துக் காட்டுங்கள். வாரம் அரை மணி நேரம் வகுப்பிலேயே கையால் எழுதவையுங்கள். அதையே அடுத்த வாரம் திருத்தி எழுதச் சொல்லுங்கள், புதுத் தலைப்பு வேண்டாம்.